பிரிந்ததா, பிரித்தோமா?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் கொடுக்கும் பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று வேலையை நடத்துகிற ஆளாகச் சேர்ந்த இரண்டாவது மாதம் பையரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. டி-ஷர்ட்டின் பாட்டம் ஹெம் (கீழ்மடிப்பு) ஒரே துவைப்பில் 'அன்ராவல்' (unravel) ஆகிறது, 14 பீஸைக் கூரியரில் திருப்பி அனுப்பியிருக்கிறோம், என்ன நடந்தது என்று 'அன்ராவல்' செய்து சொல்லுங்கள். மொத்தம் மூன்று வரி. அந்தச் சொல் மட்டும் இரண்டு முறை.

பொருள் தெரியும் என்றுதான் நினைத்தேன். பிரிப்பது, அவ்வளவுதானே. பார்சல் வந்ததும் லைன் சூப்பர்வைசரிடம் கொடுத்து, "ஹெம்மைப் பிரிச்சுப் பார்க்கச் சொல்லியிருக்காங்கண்ணா" என்று சொல்லிவிட்டு டையிங்குக்கு (சாயப் பட்டறைக்கு) கிளம்பிவிட்டேன். திரும்பி வருவதற்குள் டெய்லர்களுக்கு உதவியாக இருக்கும் கைமடிப் பெண்கள் 12 பீஸின் கீழ்மடிப்பைச் சுத்தமாகப் பிரித்து, நூலைத் தட்டிவிட்டு, அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்திருந்தார்கள். தையல் எந்த இடத்தில் விட்டது, எவ்வளவு தூரம் விட்டது என்ற தடயமெல்லாம் அந்த நூலோடு குப்பைக் கூடைக்குப் போய்விட்டது. மீதி இரண்டே பீஸ்.

அந்த இரண்டில் ஒன்றை வாங்கி மேசையில் விரித்தவர், லைனில் ஃப்ளாட்லாக் மெஷின் ஓட்டும் மூத்த அக்கா. ஃப்ளாட்லாக் தையலில் மேலே இரண்டு ஊசி நூல், அடியில் ஒரு லூப்பர் நூல். வளையத்துக்குள் வளையமாகப் போகிற சங்கிலித் தையல். பனியன் துணி இழுபடும். அதோடு சேர்ந்து தையலும் இழுபட வேண்டும் என்பதால்தான் இந்தத் தையல். நான் ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், இறுகிக்கொண்டது. "ஆரம்பிச்ச இடத்துல இழுத்தா வராது கண்ணு, முடிச்ச இடத்துல இழு" என்றார். துணியைத் திருப்பி, லூப்பர் நூலின் வாலை ஊசி முனையால் கிளப்பி, மெல்ல இழுத்தார். சர்ரென்று நான்கு விரற்கடை வந்துவிட்டது. அரிசி மூட்டை பிரித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சரியான முனையைப் பிடித்தால் வாய் முழுக்க ஒரே இழுப்பில் திறக்கும். தப்பான முனை என்றால் கத்திரிக்கோல் தேட வேண்டியதுதான்.

அன்றைக்குத்தான் அந்த ஆங்கிலச் சொல் எனக்கு நிஜமாகப் புரிந்தது. தலைமுடிச் சிக்கில் ஒழுங்கு எதுவும் கிடையாது, விரலை விட்டு எப்படியாவது எடுக்க வேண்டும். அதற்கு 'அன்டேங்கிள்' போதும். 'அன்ராவல்' பின்னல், தையல் பக்கத்துச் சொல். எந்த வரிசையில் பின்னப்பட்டதோ அதற்கு நேர் எதிர் வரிசையில் இழை கழன்று வருவது. காலருக்குப் போடும் ஒன்றுக்கு ஒன்று ரிப் (ஒரு வரி மேடு, ஒரு வரி பள்ளமாகப் பின்னிய) துணியும் அப்படித்தான், கடைசியாகப் பின்னிய பக்கத்திலிருந்துதான் நூல் உருவ வரும்.

இன்னொரு சங்கடமும் இதில் உண்டு. தானாக அவிழ்ந்தாலும் அன்ராவல், நாமாக அவிழ்த்தாலும் அன்ராவல். முதலாவது பெரும்பாலும் கெட்ட செய்தி: பேச்சுவார்த்தை அன்ராவல் ஆனது என்றால் குலைந்துபோனது என்று பொருள். மர்மத்தை ஒருவர் அன்ராவல் செய்தார் என்றால் பாராட்டு. தமிழ் இங்கே எவ்வளவு தெளிவு! பிரிந்தது, பிரித்தது. அவிழ்ந்தது, அவிழ்த்தது. நடுவில் ஒரு மெய்யெழுத்து மாறினால் போதும், யார் செய்தது என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அடிச்சொல்லான 'ராவல்' இன்னும் மோசம், சிக்குவது, பிரிவது இரண்டுக்கும் அதுவே. அந்த மெயிலின் முதல் அன்ராவலுக்குப் 'பிரிகிறது' சரி. இரண்டாவதற்கு நான் 'என்ன ஆச்சுன்னு துருவிக் கண்டுபிடிக்கணும்' என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே தமிழ்ச் சொல்லை இரண்டுக்கும் போட்டதில் 12 பீஸ் போயிற்று.

சரி, காரணத்துக்கு வருகிறேன். ஹெம்மைச் சுற்றி வந்து முடிக்கும்போது, ஆரம்பித்த தையலின் மேல் அரை இன்ச்சாவது ஏற்றித் தைக்க வேண்டும். அந்த ஏற்றம்தான் முனையைப் பிடித்து வைக்கிறது. மிஞ்சிய இரண்டு பீஸிலும் இரண்டு மூன்று தையலோடு நிறுத்தி நூலை ஒட்ட வெட்டியிருந்தது. ஏன்? அக்கா சொன்ன மாதிரியே கடைசியிலிருந்து போனேன். பிரித்துப்போட்டவற்றிலும் கழுத்து லேபிள் இருந்தது, 14 பீஸும் எல் சைஸ். பேக்கிங் லிஸ்ட், செக்கிங் நோட்டு, பண்டில் கார்டு (வெட்டிய துணிக் கட்டோடு போகும் சீட்டு) என்று பின்னால் போனால், எல் சைஸ் பண்டில்கள் எல்லாம் ஒரே மெஷினுக்குப் போயிருந்தன, கன்டெய்னர் கிளம்புவதற்கு முந்தின இரண்டு ராத்திரி ஓவர்டைமில்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் அந்த டெய்லர் தலையில் பழி விழுந்திருக்கும். எல்லோருக்கும் அது வசதியாகவும் இருந்திருக்கும். அப்புறம் ஓவர்டைம் ஏன் என்று பார்த்தேன். துணி டையிங்கிலிருந்து நான்கு நாள் தாமதமாக வந்திருந்தது. டையிங்கில் கேட்டால், கலர் அப்ரூவல் வராமல் எப்படிங்க துணியைப் போடுவது என்றார்கள். லேப் டிப், அதாவது கலர் அப்ரூவலுக்கு அனுப்பும் சாயத் துணி மாதிரி, பையருக்குப் போன தேதியைக் கூரியர் ரசீதில் பார்த்தேன். லேப்பிலிருந்து எங்களுக்கு வந்த தேதிக்கும் அதற்கும் நான்கு நாள் இடைவெளி. அந்த நான்கு நாளும் அந்தக் கவர் எங்கள் மெர்ச்சண்டைசிங் மேசையில், மற்ற ஸ்டைல் ஃபைல்களுக்கு அடியில் இருந்திருக்கிறது.

பதில் மெயிலில் அரை இன்ச் ஏற்றத்தையும் எழுதினேன், அந்த நான்கு நாளையும் எழுதினேன்.