கட்டில் இருக்கிறது, போட ஆள் இருக்கிறதா? பேரிடர் ஆயத்த மானியத்துக்கு அறிக்கை எழுதிய அனுபவம்

அமெரிக்காவில் ஒரு பெருநகரப் பகுதியின் அவசரகால மேலாண்மை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சேர்ந்த முதல் ஆண்டே டி.எச்.ஐ.ஆர்.ஏ. பொறுப்பு என்னிடம் வந்தது. எங்கள் பகுதிக்கு என்னென்ன ஆபத்துகள் வரக்கூடும், வந்தால் எவ்வளவு பேரை எவ்வளவு நேரத்தில் காப்பாற்ற வேண்டும் என்று கணக்குச் சொல்லும் அறிக்கை அது. அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா வழியாக உள்நாட்டுப் பாதுகாப்பு மானியம் பெறும் மாநிலங்களும் எங்களைப் போன்ற பெருநகரப் பகுதிகளும் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை இதைத் தர வேண்டும். கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று சொல்லும் எஸ்.பி.ஆர். அறிக்கை ஆண்டுதோறும் போக வேண்டும். கடைசி நாள் டிசம்பர் 31.

பழைய கோப்பைத் திறந்து எண்களைக் கொஞ்சம் மாற்றினால் ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும். என் மேலதிகாரி அதற்கு ஒப்பவில்லை. ஒவ்வொரு எண்ணையும் யாரிடம் கேட்டோம் என்று சொல்லத் தெரிய வேண்டும் என்றார். அந்த ஒரு நிபந்தனையால் வேலை ஐந்து மாதம் இழுத்தது. இழுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

முதலில் ஆபத்துகளின் பட்டியல். அது சீக்கிரம் முடிந்தது. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் நேரம், இடம், சூழல் தர வேண்டும். 'பனிப்புயல்' என்று மட்டும் எழுதினால் ஒன்றும் பிடிபடாது. சனவரி மாதம், நள்ளிரவு, மூன்று நாள் மின்சாரம் இல்லை என்று எழுதிய பிறகுதான் வீட்டில் ஆக்சிஜன் கருவியோடு இருப்பவர்களும், டயாலிசிஸுக்குப் போக வேண்டியவர்களும், முதியோர் இல்லங்களும் எங்கள் கண்ணில் பட்டார்கள்.

அடுத்தது இலக்கு. ஃபீமாவின் 2018 வழிகாட்டியில் இதற்கு வாக்கியங்கள் தயாராக இருக்கின்றன, எண்ணை நிரப்புவது மட்டும் நம் வேலை. முகாம் பற்றிய வாக்கியம் இப்படிப் போகும்: இத்தனை மணி நேரத்துக்குள் இத்தனை பேருக்குத் தங்க இடம், உணவு, தண்ணீர்; அவர்களில் மாற்றுத்திறனாளிகள் போலத் தனித் தேவை உள்ளவர்கள் இத்தனை பேர்; விலங்குகள் இத்தனை. விலங்குகள் ஏன் என்று முதலில் எனக்கும் புரியவில்லை. 2005இல் கத்ரீனா புயலின்போது வளர்ப்பு நாயை, பூனையை விட்டுவிட்டு வர மாட்டோம் என்று பலர் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டே அதற்கென்று சட்டம் வந்தது. படிவத்தில் விலங்குகளுக்கான அந்த ஒரு கட்டத்துக்குப் பின்னால் அத்தனை உயிர்கள் இருக்கின்றன.

இனி எங்கள் கையிருப்பு. பழைய அறிக்கையின்படி முகாமில் இடத்துக்குக் குறைவே இல்லை. அதில் முகாமாகக் குறித்திருந்த ஒவ்வொரு பள்ளிக்கும் சமூகக் கூடத்துக்கும் நான் போன் செய்தேன், பாதி இடங்களுக்கு நேரிலும் போனேன். அந்தப் பழைய எண், கூடத்தின் தரைப் பரப்பை ஓர் ஆளுக்குரிய இடத்தால் வகுத்துக் கிடைத்த எண். இரவு முழுக்க முகாமை நடத்த எத்தனை பேர் வேண்டும் என்று யாரும் கேட்டிருக்கவில்லை. ஒரே கிடங்கில் இருந்த மடக்குக் கட்டில்களை இரண்டு அமைப்புகள் தங்கள் கணக்கில் எழுதியிருந்தன. சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை மூன்று இடங்களில் இல்லவே இல்லை. எல்லாம் கழித்தபோது எண் பாதிக்கும் கீழே போனது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. குறைத்து எழுதினால் மானியம் போய்விடுமோ, எங்கள் அலுவலகத்துக்குக் கெட்ட பெயர் வருமோ என்று பயம். மறுநாள் மேலதிகாரி அப்படியே எழுதச் சொன்னார். எஸ்.பி.ஆர். கேட்பதே இடைவெளியைத்தான். அந்த இடைவெளி திட்டமிடலிலா, ஆள் அமைப்பிலா, கருவியிலா, பயிற்சியிலா, ஒத்திகையிலா என்றும் பிரித்துச் சொல்ல வேண்டும். எங்களுடையது பெரும்பாலும் ஆளும் பயிற்சியும். அடுத்த விண்ணப்பத்தில் முகாம் நடத்தும் பயிற்சிக்குப் பணம் கேட்டபோது இந்தப் பக்கத்தையே ஆதாரமாக வைத்தோம்.

பணம் வந்த பிறகும் அறிக்கை நிற்காது. நிதிக் கணக்கு காலாண்டுக்கு ஒன்று, திட்ட முன்னேற்றம் அரையாண்டுக்கு ஒன்று, வாங்கிய கருவிகளை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது நேரில் சரிபார்க்க வேண்டும். இதில் எல்லாரும் கவனிக்க வேண்டியது சுற்றுச்சூழல், வரலாற்றுச் சின்னப் பாதுகாப்பு ஆய்வு. எங்கள் கூட்டாளி அமைப்பு ஒன்று, ஒப்புதல் வருவதற்கு முன்பே ஒரு பழைய கட்டடத்தின் கூரையில் ரேடியோ ஆன்டெனாவை மாட்டிவிட்டது. துளை போட்ட பிறகு ஒப்புதல் கேட்க முடியாது. அந்தச் செலவை மானியத்திலிருந்து தர மறுத்துவிட்டார்கள், முழுவதையும் அந்த அமைப்பே ஏற்க வேண்டியதாயிற்று. சுவரில் ஓர் ஆணி அடிப்பதாக இருந்தாலும் முதலில் கேட்டுவிடுங்கள்.

டிசம்பர் 29 அன்று அனுப்பினோம். இப்போது எங்கள் எக்செல் கோப்பில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'யார் சொன்னது, எந்தத் தேதி' என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது. சனவரியில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் அவராகவே போன் செய்து, ஜெனரேட்டர் பழுதாகிவிட்டது, எங்கள் பள்ளியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றார். உடனே எடுத்துவிட்டேன்.