முதல்ல சூடு, அப்புறம்தான் பால்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நாலு எலிக்குஞ்சு என் கையாலயே செத்துப்போச்சு. இத எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டே இருந்தேன், தள்ளிப் போய்ட்டே இருந்துச்சு. இந்த ஜனவரில மறுபடியும் ஒரு சுண்டெலி கைக்கு வந்து, அது பொழச்சு போனதுக்கப்புறம்தான் எழுத மனசு வந்துச்சு.

நாங்க இருக்கிறது மலேசியாவுல, பினாங்குல ஆயர் ஈத்தாம் பக்கம், பழைய ஃபிளாட்டு. பொங்கலுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் முன்னாடி இங்க எல்லா வீட்லயும் ஸ்டோர் ரூம காலி பண்ணுவாங்க, பழைய பேப்பர் கட்டு, துணி மூட்டை, பலகாரம் வந்த பெட்டின்னு எல்லாம் கீழ குப்பைத் தொட்டி பக்கத்துல வந்து குவியும், அதுக்குள்ளதான் எலி கூடு கட்டி குட்டி போட்டிருக்கும். அப்பிடி யாரோ போட்டுட்டுப் போன ஒரு ரைஸ் குக்கர் டப்பாவுலதான் அந்த நாலும் இருந்துச்சு. ரோஸ் கலர், ஒரு முடி கெடையாது, கண்ணு மூடியே இருக்கு, ஒவ்வொண்ணும் என் சுண்டு விரல் நுனி அளவுதான். பொறந்த சுண்டெலிக் குஞ்சு ஒரு கிராம்தான் இருக்கும், தாய்ப்பால் குடிச்சிருந்தா வயித்துத் தோல் வழியாவே வெள்ளையா தெரியும். இந்த நாலுக்கும் அந்த வெள்ளை இல்ல, வயிறு ஒட்டிப் போயிருந்துச்சு, அதப் பாத்ததும் எனக்குத் தாங்கல.

நான் என்ன பண்ணேன்னா மேல தூக்கிட்டு வந்து உடனே பசும்பால சூடு பண்ணி மருந்து ஊத்துற டிராப்பர்ல வாயில விட்டேன். ஒண்ணு மூக்கு வழியா குமிழ் விட்டுச்சு. அது நல்லா குடிக்குதுன்னு நெனச்சேன். விடியறதுக்குள்ள நாலும் போயிடுச்சு.

அப்புறம் மிருக டாக்டர் ஒருத்தர் பொறுமையா உக்கார வச்சு சொன்னாரு. குஞ்சு சில்லுனு இருந்துச்சுன்னா அதோட குடல் வேலை செய்யாது, உள்ள போற பால் செரிக்காம அப்பிடியே தங்கிடும், அதுக்கு விழுங்கவும் தெம்பு இருக்காது, அதனால பால் நுரையீரலுக்குள்ள போயிடும், மூக்குல வந்த குமிழ் அதுதான். நான் பாத்த குமிழ்தான் அது சாகப் போறதுக்கு அடையாளம். பசியில இருக்கிற ஜீவனுக்கு முதல்ல பால் குடுக்கணும்னு எல்லாருக்கும் கை பரபரக்கும், அந்தப் பரபரப்புலதான் நெறைய குஞ்சு சாகுது.

ஒரு விஷயம் எனக்கு இன்னும் நெஞ்சுல நிக்குது. எலிக்குஞ்சு குளிர்ல தனியா கெடந்தா தாய கூப்பிட்டு கத்தும், ஆனா அந்த சத்தம் மனுசக் காதுக்கு எட்டாத அல்ட்ராசவுண்ட், தாய்க்குக் கேக்கும். அன்னைக்கு அந்த டப்பாவுல நாலும் அமைதியா தூங்குதுன்னு நெனச்சேன். அதுங்க ராத்திரி பூரா கத்திட்டு இருந்திருக்கலாம், எனக்குக் கேக்கல.

அதனால கூடு கலைஞ்சு குஞ்சு கெடந்தா இப்ப நான் முதல்ல பண்றது, ஒரு காலி 100 பிளஸ் குளிர்பான போத்தல்ல சுடுதண்ணி ஊத்தி, பழைய காலுறைக்குள்ள நுழைச்சு, டப்பாவோட ஒரு பக்கம் மட்டும் வைக்கிறது. ஒரு பக்கம் மட்டும்தான், முழுசும் சூடாக்கினா அதுக்கு தள்ளிப் படுக்க எடம் இருக்காது. குஞ்சுக்கு காயம் இல்லன்னா அந்த டப்பாவ எடுத்த எடத்துக்குப் பக்கத்துலயே ஒரு ரெண்டு மூணு மணி நேரம் வச்சிடுவேன், மனுசக் கை பட்டா தாய் சேத்துக்காதுன்னு சொல்றாங்க, அப்பிடியெல்லாம் இல்ல, தாய் உயிரோட இருந்தா பெரும்பாலும் ஒண்ணொண்ணா வாயில கவ்விட்டு வேற எடத்துக்குத் தூக்கிட்டுப் போயிடும். தாய் வரலன்னாதான் நம்ம வேலை. உள்ளங்கையில வச்சா சில்லுப்பு தெரியாத அளவுக்கு சூடு ஏறின பிறகு, பெட் ஷாப்ல விக்கிற நாய்க்குட்டி பால் பவுடர கலக்கி, சின்ன பெயின்ட் பிரஷ் நுனியில தொட்டு, நக்க விடணும், ஊத்தக் கூடாது. முதல் வாரம் ராத்திரி பகல் பாக்காம ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ. குடிச்சு முடிச்சதும் ஈரப் பஞ்சால அடிவயித்த மெதுவா தடவி விடணும், தாய் நக்கி விட்டாத்தான் அதுக்கு மூத்திரமே வரும், அத விட்டுட்டா உள்ளயே கட்டிக்கிட்டு செத்துடும். ரெண்டு வாரத்துல கண்ணு தொறக்கும், மூணு வாரத்துல தானா தின்ன ஆரம்பிச்சிடும். அந்த மூணு வாரத்தத் தாண்ட வைக்கிறதுதான் பெரிய பாடு.

சரி, இந்த ஜனவரிக்கு வரேன். நான் பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரில வேலை, அன்னைக்கு நைட் ஷிஃப்ட் முடிஞ்சு காலைல எட்டு மணிக்கு வந்து மோட்டர்சைக்கிள நிறுத்துறேன், குப்பைத் தொட்டி பக்கத்துல கம் திகுஸ் போர்டு, அதான் எலி வந்து ஒட்டிக்கிற பசை அட்டை, ஒண்ணு மடிக்காம கெடக்கு, அதுல ஒரு பெரிய சுண்டெலி, வயிறும் பின்னங்கால் ரெண்டும் வாலும் கம்முல ஒட்டி, முன்னங்கால் ஒண்ணு மட்டும் விடுபட்டு காத்துல ஆடிட்டு இருக்கு. எங்க ஃபிளாட்டு ஜாகா (வாட்ச்மேன்) அண்ணன், "தங்கச்சி, சாக்குல போட்டு கட்டி வீசிடுமா, அதப் போயி பாத்துக்கிட்டு"ன்னாரு. அவரு கெட்டவர் இல்ல, அவருக்கு அது தெனம் பாக்குற விஷயம். என்னால முடியல.

கம்முல ஒட்டினத இழுத்து எடுக்கவே கூடாது, தோல் கிழிஞ்சு வந்துடும், கால் முறிஞ்சிடும். முதல்ல எலியச் சுத்தி காலியா இருக்கிற கம்மு மேல டிஷ்யூ பேப்பர ஒட்டி மூடிட்டேன், இல்லன்னா விடுபட்ட காலும் திரும்ப ஒட்டிக்கும். அப்புறம் அதோட தலைய ஒரு துணியால லேசா மூடினேன், இருட்டா இருந்தா துடிக்கிறது குறையும். வீட்ல இருந்த 1 கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய், அத காட்டன் பட்ஸ்ல தொட்டு வயிறு ஒட்டியிருக்கிற ஓரத்துல ஒவ்வொரு சொட்டா விட்டு, பட்ஸ் நுனியால கம்மையும் முடியையும் மெல்ல பிரிச்சு பிரிச்சு வந்தேன். மூக்குப் பக்கம் எண்ணெய் போகக் கூடாது. முக்கால் மணி நேரம் ஆச்சு. கடைசில இடது பின்னங்கால் வந்தப்பதான் பாத்தேன், பாதம் தப்புப் பக்கமா திரும்பியிருந்துச்சு.

எண்ணெயோட விட்டாலும் செத்துடும், முடி ஒட்டிப் போச்சுன்னா உடம்பு சூடு நிக்காது. அதனால வெதுவெதுன்னு தண்ணில பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு விட்டு கழுவி, துவாலையில ஒத்தி எடுத்து, சூடு போத்தல் பக்கத்துல மைலோ டின்ன படுக்க வச்சு, உள்ள டிஷ்யூ கிழிச்சுப் போட்டு விட்டேன். அம்மா கதவோரமா நின்னு பாத்துட்டே இருந்தாங்க. "ஏண்டி, வேலை முடிஞ்சு வந்து தூங்காம இது என்னடி"ன்னு ஆரம்பிச்சவங்க, கழுவி முடிக்கிறப்ப அவங்களே போயி ரெண்டாவது போத்தல்ல சுடுதண்ணி புடிச்சிட்டு வந்தாங்க. "பிள்ளையார் வாகனம், சும்மா விட முடியுமா"ன்னு ஒரு வார்த்தை. (பிள்ளையார் வாகனம் மூஞ்சூறுன்னுதான் சொல்லுவாங்க, மூக்கு நீட்டமா, கண்ணு கடுகு மாதிரி, ஒரு வாட வரும், பூச்சி தின்னும், எலி ஜாதியே இல்ல அது. அன்னைக்கு அதையெல்லாம் நான் அம்மாகிட்ட சொல்லல.)

டாக்டர் தேடுறதுதான் பெரிய கொடும. முதல்ல போன கிளினிக்ல டின்ன தொறக்கவே விடல, காட்டு எலி பாக்க மாட்டோம்னு கவுன்ட்டர்லயே சொல்லிட்டாங்க. நோய் பயம் இருக்கு, புரியுது, ஆனா வலி குறையிற மாதிரி ஒரு ஊசி, இல்ல பொழைக்காதுன்னா நிம்மதியா போக ஒரு ஊசி, அதுவாவது குடுக்கலாம், அதுக்குக் கூட மனசு இல்லன்னா எனக்கு ஏத்துக்க முடியல. பழைய டாக்டர்தான் பாத்தாரு. கால் எலும்பு முறிஞ்சிருக்கு, தோல் கிழியல, கட்டுப் போட்டா கடிச்சு எடுத்துடும், அதனால ஏற விடாம சின்ன எடத்துல வச்சா தானா கூடிக்கும்னு சொல்லி, வலி மருந்த வெயிட்டுக்குத் தகுந்த மாதிரி அளந்து குடுத்தாரு. எலி மொத்தமே 18 கிராம். வீட்ல இருக்கிற பனடோல் (பாரசிட்டமால்) மாத்திரைய உடைச்சுக் குடுக்கிற வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம்னாரு.

அவருதான் வலிய முகத்துல பாக்கச் சொல்லிக் குடுத்தது. 2010-ல கனடா மெக்கில் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்ணி, சுண்டெலி முகத்துல வலி எப்பிடி தெரியும்னு ஒரு அளவுகோலே எழுதி வச்சிருக்காங்களாம். கண்ணு சுருங்கும், மூக்கும் கன்னமும் புடைச்சுக்கும், காது பின்னாடி போயிடும், மீசை நெலை மாறும். முதல் ரெண்டு நாள் இது அப்பிடியேதான் இருந்துச்சு, கண்ணு ஒரு கோடு மாதிரி, முதுகு கூனி, முடி சிலிர்த்துப் போயி மூலைல உக்காந்திருக்கும். மூணாம் நாள் ராத்திரி நான் ஓட்ஸ் வச்சிட்டு தள்ளி நின்னேன், டின் வாசல்ல மீசை மட்டும் முதல்ல வந்துச்சு, அப்புறம் கருப்பு மணி மாதிரி கண்ணு ரெண்டும் முழுசா தொறந்து, காது ரெண்டும் முன்னாடி விரிஞ்சு, ஒரு ஓட்ஸ ரெண்டு கையாலயும் புடிச்சு ஓரமா கொறிக்க ஆரம்பிச்சுச்சு. நான் மூச்சு விடக் கூட பயந்துட்டு நின்னேன்.

இத படிச்சிட்டு யாரும் வெறுங்கையால எலியத் தூக்கிடாதீங்க. எலி மூத்திரத்துல லெப்டோஸ்பிரோசிஸ்ங்கிற எலிக்காய்ச்சல் வரும், நம்ம ஊர்ல கென்சிங் திகுஸ்னு சொல்ற அதேதான், 2010-ல இருந்து மலேசியாவுல டாக்டர்ங்க கட்டாயமா ரிப்போர்ட் பண்ண வேண்டிய நோய். எலிக்கு ஒண்ணும் ஆகாது, நல்லாதான் ஓடும், மூத்திரத்துல மட்டும் கிருமி போய்ட்டு இருக்கும். நான் ரெண்டு கையுறை போட்டுக்குவேன், கையில வெட்டு இருந்தா அம்மாவ செய்யச் சொல்லுவேன், டின்னு பால்கனிலதான், சமையக்கட்டுப் பக்கம் வராது, டிஷ்யூ மாத்தினா குளோராக்ஸ் (பிளீச்) தண்ணி தெளிச்சு நனைச்சுத்தான் எடுப்பேன். கடிச்சுட்டா கழுவிட்டு அன்னைக்கே கிளினிக். அதுக்கப்புறம் காய்ச்சல், கெண்டைக்கால் வலி வந்தா எலி தொட்டேன்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லணும். என் அண்ணி அப்ப முழுகாம இருந்தாங்க, எலி போற வரைக்கும் வீட்டுக்கே வர வேண்டாம்னுட்டேன், கர்ப்பத்துல இருக்கிறவங்க எலிப் பக்கமே போகக் கூடாது, வயித்துல இருக்கிற பிள்ளையத் தாக்குற வைரஸ் ஒண்ணு சுண்டெலிகிட்ட இருக்கு. பூனை வாயில இருந்து எடுத்த எலின்னா இன்னொண்ணு, காயமே தெரியலன்னாலும் அன்னைக்கே ஆன்டிபயாட்டிக் வேணும், பூனைப் பல்லுல இருக்கிற கிருமி ரத்தத்துல ஏறி ஒரு ரெண்டு நாள்ல கொன்னுடும்.

எலிய வீட்ல வச்சுக் கொஞ்சச் சொல்றேன்னு நெனைக்காதீங்க. எங்க வீட்லயும் எலி வரக் கூடாதுன்னுதான் பாக்குறேன். 6 மில்லிமீட்டர் சந்து போதும் சுண்டெலி நுழைய, ஒரு பென்சில் போற ஓட்டைன்னா அதுவும் போகும். சிங்க் அடில பைப் போற ஓட்டைல ஸ்டீல் நார திணிச்சு சிமென்ட் பூசினேன், அரிசிய மூடி போட்ட டின்னுக்கு மாத்தினேன், அதுக்கப்புறம் உள்ள ஒண்ணு கூட வரல. கொல்லித்தான் ஆகணும்னு நெலமை வந்தா ஸ்பிரிங் பொறி இருக்கு, அடிச்சா பெரும்பாலும் அந்த நொடியே போயிடும். கம்முல அது ஒரு நாள் ரெண்டு நாள் பசிலயும் தாகத்துலயும் பயத்துலயும் கெடந்து சாகுது. நியூசிலாந்துல 2015-ல இருந்து அனுமதி இல்லாம கம் போர்டு விக்கவோ வைக்கவோ முடியாது, இங்கிலாந்துல 2022-ல சட்டம் போட்டு 2024 ஜூலைல இருந்து அமல், இங்க ஹார்ட்வேர் கடைல கல்லாப்பெட்டி பக்கத்துலயே அடுக்கி வச்சிருக்கான். வெஷமும் வேண்டாம்னுதான் சொல்லுவேன். எங்க தாத்தா நிபோங் திபால் பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) எஸ்டேட்ல வேலை செஞ்சவரு, அங்க கம்பத்து மேல பெட்டி வச்சு கூகை வளத்தாங்க, எலிய அதுங்க பாத்துக்கும்னு. ரத்தம் உறையாம பண்ற வெஷத்தத் தின்னுட்டு தள்ளாடுற எலிய அந்தக் கூகை புடிச்சுத் தின்னா அந்த வெஷம் அதுக்கும் ஏறும். தாத்தா அதச் சொல்லி வருத்தப்படுவாரு.

நாலாவது வாரம் கால் கூடிடுச்சு, கொஞ்சம் கோணல்தான், ஆனா டின்னு மேல தாவி ஏறுது. ஃபிளாட்டுக்குப் பின்னாடி மலைச் சரிவுல லாலாங் புல்லும் காட்டு வாழையும் இருக்கிற எடம், வீடு கெடையாது. மழை இல்லாத ஒரு சாயங்காலம் ஏழரைக்கு மைலோ டின்னோடயே கொண்டு போயி, தண்ணி நுழையாத மாதிரி ஒரு பாறை அடில படுக்க வச்சு, ஒரு கைப்பிடி ஓட்ஸும் சூரியகாந்தி விதையும் போட்டேன். அம்மாவும் கூட வந்தாங்க, கொசுவ அடிச்சுக்கிட்டே நின்னாங்க. அரை மணி நேரம் வெளிய வரவே இல்ல. அப்புறம் மீசை வந்துச்சு, தலை வந்துச்சு, புல்லுக்குள்ள போயிடுச்சு, அவ்வளவுதான்.

மூணு நாள் கழிச்சு டின்ன எடுக்கலாம்னு போனேன். ஓட்ஸ் இல்ல, அத எறும்பு கூட தின்னிருக்கலாம். ஆனா உள்ள எட்டிப் பாத்தா, நான் போட்ட டிஷ்யூவோட காஞ்ச லாலாங் புல்லையும் சேத்து கடிச்சு இழை இழையா பிரிச்சு வட்டமா கூடு கட்டியிருந்துச்சு. டின்ன அப்பிடியே விட்டுட்டு வந்துட்டேன்.