இறால், துறவி நண்டு, நத்தை: ஒரு கடல்நீர்த் தொட்டியின் நாட்குறிப்பு

மார்ச் 2

புதுத் தொட்டி நீரில் பிராணிகளுக்கு நஞ்சான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து அப்படியே நிற்கின்றன. பாறைகளில் முதலில் படிந்த பழுப்புப் படலம் மறைந்து, பச்சைப் பாசி பிடிக்க ஆரம்பித்துவிட்டது. மேய்கிற பிராணிகளை விட இதுதான் சரியான நேரம். பாசி வருவதற்கு முன்பே நத்தையை விட்டால் பட்டினி கிடந்து செத்துப்போகும்.

இந்தத் தொட்டியில் மீன் கிடையாது. நத்தை, காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டு, இறால் மூன்றும்தான். தொட்டியைச் சுத்தம் செய்யும் கூட்டம் என்று மூன்றையும் ஒரே பட்டியலில் போடுவது வழக்கம். ஆனால் மூன்றின் வயிறும் வேறு வேறு. பாசி மேயும் நத்தை பாசியைத்தான் தின்னும். துறவி நண்டு பாசி, மாமிசம் என்று கிடைத்ததையெல்லாம் தின்னும். சுத்தம் செய்யும் இறாலுக்குப் பாசியில் அக்கறையே இல்லை. இதை மனதில் வைக்காமல் மூன்றையும் ஒரே நாளில் கொட்டிவிட்டு, பிறகு ஒன்றையொன்று தின்றுவிட்டது என்று வருந்துகிறவர்கள் நிறையப் பேர்.

இன்றைய அளவுகள்: அடர்த்தி எண் (நீரின் உப்பைக் காட்டுவது) 1.026, வெப்பம் 25 டிகிரி செல்சியஸ், காரத்தன்மை 8.5 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு), கால்சியம் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு).

மார்ச் 6

நத்தைகள் வந்துவிட்டன. தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பழக்கினேன். இதில் மட்டும் அவசரப்படவே கூடாது. கடல் நத்தையின் உடல்நீர் சுற்றியிருக்கும் நீரின் உப்பைத்தான் பின்பற்றும், அதைத் தனியாகக் கட்டுப்படுத்திக்கொள்ள அதற்கு வழியில்லை. நத்தைகள் வந்த பையின் நீரில் உப்பு குறைவாக இருந்து, தொட்டியில் சட்டென்று கூடினால் உள்ளுக்குள்ளேயே அடி விழும். இரண்டு நாள் கழித்துச் சாகும்போது நண்டின் மேல் பழி போகும்.

எடுத்த நத்தை வகைகள் ட்ரோக்கஸ், செரித், நசாரியஸ். அஸ்ட்ரியா வகை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பாசி மேய்வதில் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மணலில் மல்லாந்து விழுந்தால் பெரும்பாலும் அதனால் தானாகத் திரும்ப முடியாது. துறவி நண்டு வரப்போகும் தொட்டியில் மல்லாந்து கிடப்பது என்றால் சங்கின் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு கிடப்பதுதான்.

ட்ரோக்கஸ் ஒன்று கண்ணாடியிலிருந்து விழுந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதலில் சங்கின் வாயை அடைக்கும் மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டு சும்மா கிடந்தது. அப்புறம் மூடி விலகி, பாதம் மெதுவாக நீண்டது. சங்கின் விளிம்பைத் தாண்டி வளைந்து மணலைத் துழாவி, ஒரு சின்னக் கல்லைப் பிடித்தது. பிடி கிடைத்ததும் உடலை முறுக்கி ஒரே இழுப்பில் சங்கு நிமிர்ந்துவிட்டது. இந்தத் திறமை ஒன்றுக்காகவே ட்ரோக்கஸைப் பரிந்துரைப்பேன்.

மார்ச் 14

நசாரியஸ் பகல் முழுக்க மணலுக்குள். உணவு விழுந்தால் மட்டும் முதலில் ஒரு மெல்லிய குழாய் மணலுக்கு மேல் நீண்டு நீரை முகர்கிறது, பின்னாலேயே உடல் கிளம்பி வருகிறது. இது பாசியைத் தொடாது, செத்த மாமிசம்தான் வேண்டும். செரித் இரவில் மணலிலும் கண்ணாடியின் அடிப்பகுதியிலும் மேய்கிறது. ட்ரோக்கஸ் மேலே பாறையிலும் கண்ணாடியிலும். இடமும் நேரமும் உணவும் வேறு வேறு என்பதால் நத்தைகளுக்குள் எந்தத் தகராறும் இல்லை.

மார்ச் 23

நண்டுகளுக்கு முன்பே அவற்றின் வீடுகள் தொட்டிக்குள் போய்விட்டன. கொதிக்க வைத்துக் கழுவிய காலிச் சங்குகள், வர்ணம் பூசாதவை. நண்டு ஒன்றுக்கு மூன்று நான்கு சங்காவது இருக்கும்படி, சின்னதிலிருந்து பெரியது வரை போட்டிருக்கிறேன்.

சங்கு என்றால் எந்தச் சங்கும் ஆகாது. துறவி நண்டின் பின்பகுதியில் ஓடு கிடையாது. அது மென்மையானது, சங்கின் சுருளுக்கு ஏற்றபடி வளைந்திருக்கும். பெரும்பாலான வகைகளுக்கு டர்போ நத்தையுடையது மாதிரி வட்ட வாய் உள்ள சங்கு பொருந்தும். ஆரஞ்சு நிறத்தில் பட்டை போட்ட சிலியோபாகுரஸ் வகைக்கு உடலே தட்டையாக இருக்கும், கூம்புச் சங்கின் குறுகிய வாய்க்குள் நுழைவதற்காக. அதற்கு வட்ட வாய்ச் சங்கை எத்தனை போட்டாலும் பிரயோஜனமில்லை.

மார்ச் 25

சிவப்புக்கால் (பகுரிஸ்டெஸ் கடெனாட்டி), நீலக்கால் (கிளிபனாரியஸ் ட்ரைகலர்) இரண்டு வகையும் வந்தன. சிவப்பு நிதானமானது, நீலம் துறுதுறு. நத்தை மேல் கை வைப்பது பெரும்பாலும் நீலக்கால்தான். ஆனால் பாறை இடுக்குகளில் இருக்கும் பாசியை அது துருவி எடுக்கும் அழகே தனி. அதனால் சிவப்பை அதிகமாகவும் நீலத்தைக் கொஞ்சமாகவும் வைத்திருக்கிறேன்.

டார்டானஸ் வகைப் பெரிய நண்டுகள் இந்த மாதிரித் தொட்டிக்கு ஆகவே ஆகாது. அவற்றில் ஒன்று சிவப்பு உடலில் கருவளையம் கட்டிய வெள்ளைப் புள்ளிகளோடு பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கொடுக்கின் பலத்துக்கு நத்தை ஒரு பொருட்டே இல்லை. சின்னதாக இருக்கும்போது வாங்கிவிட்டு வளர்ந்தபின் தவிப்பதை விட, வாங்கும்போதே வகையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஏப்ரல் 3

இரவு. சிவப்பு விளக்கில் ஒரு நீலக்கால் வீடு மாறுவதைப் பார்த்தேன்.

காலிச் சங்கு ஒன்றைக் கால்களால் உருட்டி வாயை மேலே கொண்டுவந்தது. விளிம்பைச் சுற்றிக் கொடுக்கால் தடவிப் பார்த்தது. பிறகு கொடுக்கை உள்ளே விட்டு ஆழம் பார்த்தது, உள்ளே இருந்த மணலை ஒவ்வொரு மணியாக எடுத்து வெளியே போட்டது. இதெல்லாம் மிகப் பொறுமையாக நடந்தது. மாறுவது மட்டும் கண் இமைக்கும் நேரம்: வெளிறிய, வளைந்த பின்பகுதி பழைய சங்கிலிருந்து வெளியே வந்து புதியதற்குள் போய்விட்டது. உள்ளே போய் நாலு அடி நடந்து பார்த்தது, மறுபடி பழையதற்கே வந்தது, யோசித்த மாதிரி நின்றது, கடைசியில் புதியதையே எடுத்துக்கொண்டு போனது. பழைய சங்குக்கு இன்னொரு சின்ன நண்டு பக்கத்திலேயே காத்திருந்து குடிபோனது. அது விட்ட சங்கு இன்னொன்றுக்கு ஆகும். ஒரு பெரிய சங்கு போட்டால் வரிசையாகப் பல நண்டுகளுக்கு வீட்டுப் பிரச்சினை தீருகிறது. அதனால் சின்னச் சங்குகளைக் குவிப்பதை விட, இருக்கும் நண்டுகளை விட ஓர் அளவு பெரிய சங்குகளைப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஏப்ரல் 11

ட்ரோக்கஸ் முதுகில் ஒரு நண்டு ஏறிச் சவாரி போகிறது. இதைப் பார்த்துப் பதற வேண்டாம். நத்தையின் சங்கில் படிந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நண்டு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். சங்கின் முதுகில் என்றால் மேய்ச்சல். வாய்ப்பக்கம் உட்கார்ந்து, கொடுக்கை மூடியின் ஓரத்தில் விட்டு நெம்பினால் அது தாக்குதல்.

ஏப்ரல் 18

ஒரு செரித் போய்விட்டது. இரண்டு நண்டுகளும் ஒரு நசாரியஸும் அதைச் சுற்றி மொய்த்திருந்தன. முந்தின நாளே அது மூடியைச் சாத்தாமல் தளர்ந்து கிடந்ததைப் பார்த்திருந்தேன், தொட்டாலும் உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. ஆகவே இது கொலையில்லை. செத்ததைச் சுத்தம் செய்திருக்கிறார்கள், அதற்குத்தானே வைத்திருக்கிறோம். சந்தேகமாக இருந்தால் எடுத்து முகர்ந்து பார்க்கலாம், செத்த நத்தையின் நாற்றம் ஐயத்துக்கு இடம் வைக்காது.

ஆனால் நண்டு நத்தையைக் கொல்லவே கொல்லாது என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. செரித்தின் நீண்ட சங்கு நீலக்காலுக்கு மிகவும் பிடிக்கும். பொருத்தமான காலிச் சங்கும் இல்லை, வயிறும் காலி என்ற நிலை வந்தால் நீலக்கால் கொல்லும். இதில் நண்டின் குணத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வது வளர்ப்பவர் பொறுப்பு.

ஏப்ரல் 30

சுத்தம் செய்யும் இறால்கள், ஒரு ஜோடி: லிஸ்மாட்டா அம்போய்னென்சிஸ். சிவந்த முதுகின் நடுவே வெள்ளைக்கோடு, நீண்ட வெள்ளை மீசை. இதில் ஆண், பெண் பார்த்துச் சேர்க்க வேண்டியதில்லை. முதலில் ஆணாக வளர்ந்து, பிறகு ஒரே உடலில் இரண்டுமாக ஆகிவிடும். அதனால் எந்த இரண்டு வளர்ந்த இறாலும் ஜோடிதான்.

கையை உள்ளே விட்டதும் ஒன்று விரலில் ஏறி நகக்கண்ணைக் கொத்திச் சுத்தம் செய்தது. கடலில் மீன்களின் உடலில் இருக்கும் ஒட்டுண்ணிகளையும் செத்த தோலையும் எடுப்பது இதே மாதிரித்தான்.

கொடுக்கில் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஸ்டெனோபஸ் ஹிஸ்பிடஸை இவற்றோடு சேர்க்க மாட்டேன். சேர்ந்த ஜோடியாக இல்லாவிட்டால் தன் இனத்தோடேயே சண்டை போடும், சின்ன இறால்களையும் விட்டு வைக்காது. தனியாக வளர்க்க வேண்டிய அழகு அது.

இன்னொன்று, செம்பு. இறாலின் இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோசயனினில் செம்பு இருக்கிறது. ஆனாலும் நீரில் கரைந்த செம்பு கொஞ்சம் கூடினாலே இறால், நண்டு, நத்தை மூன்றுக்கும் விஷம். மீன் நோய்க்குச் செம்பு மருந்து ஊற்றிய தொட்டியிலிருந்து பாறையோ மணலோ எடுத்து வரக் கூடாது.

மே 9

"சித்தி, ஒரு இறால் செத்துக் கிடக்கு!" என்று அக்கா மகள் ஓடி வந்தாள். மணலில் கிடந்தது இறால் இல்லை, அதன் பழைய ஓடு. மீசை, கால், கண்ணின் மேலுறை எல்லாம் அச்சு அசலாக, கண்ணாடி மாதிரி. "அப்போ இறால் எங்கே?" என்றாள். பாறைக்குப் பின்னால் ஒளிந்திருந்த மீசையைக் காட்டினேன்.

ஓடு உரித்த இறால் கொஞ்ச நேரம் மெத்தென்று இருக்கும். இந்தக் கூட்டத்தில் இறாலுக்கு உண்மையான ஆபத்து என்றால் அந்தச் சமயம்தான். நலமாக இருக்கும் இறாலைத் துறவி நண்டால் பிடிக்க முடியாது, ஒரே துள்ளலில் பின்னால் போய்விடும். உரித்த அன்று ஒதுங்க ஓர் இடுக்கு வேண்டும். இடுக்கு இல்லாத தொட்டியில் எந்தக் கூட்டணியும் நிற்காது. உரித்த ஓட்டை நான் எடுப்பதில்லை, நண்டுகள் அதைத் தின்றுவிடும்.

மே 13

ஒரு இறாலின் வயிற்றடியில் பச்சையாக முட்டைகள். ஒன்று ஓடு உரித்ததும் மற்றது ஆணாக இருந்து சேரும். அடுத்தது உரிக்கும்போது வேலை மாறும்.

மே 27

பாசி குறைந்துவிட்டது. பார்க்க மகிழ்ச்சிதான், ஆனால் நண்டுகள் நத்தைகளைத் திரும்பிப் பார்ப்பதும் இப்போதுதான். காய்ந்த கடற்பாசித் தாளைத் துண்டு போட்டு ஒரு கல்லில் கட்டிக் கீழே வைக்கிறேன். ட்ரோக்கஸும் அதற்கு வருகிறது.

மாமிச உணவில் பெரிய திருடன் இறால்தான். நசாரியஸ் மணலிலிருந்து கிளம்பி வருவதற்குள் துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறது. பவளம் இருக்கும் தொட்டியில் பவளத்தின் வாய்க்குள் போன உணவைக்கூடத் தோண்டி எடுக்கும். அதனால் முதலில் இறால்களுக்கு ஆளுக்கொரு பெரிய துண்டு. அவை அதைப் பிடித்துக்கொண்டு மும்முரமாக இருக்கும்போது மறுபக்கம் நசாரியஸுக்கும் நண்டுகளுக்கும் போடுகிறேன். சண்டை பாதியாகக் குறைந்துவிட்டது.

ஜூன் 10

பாறையில் எய்ப்டேசியா என்ற கண்ணாடிக் கடலனிமோன் (பூ மாதிரி ஒட்டி வாழும் பிராணி) வேண்டாமலேயே முளைத்திருக்கிறது. அதைத் தின்னும் பெப்பர்மின்ட் இறால் (லிஸ்மாட்டா வுர்டெமன்னி வகை) சேர்க்கப் போகிறேன். சுத்தம் செய்யும் இறாலோடு ஒத்துப்போகும். வாங்கும்போது முதுகில் கூனும் வெள்ளைக்கோடுகளும் இருந்தால் அது ஒட்டக இறால், பவளத்தைக் கடிக்கும். பெப்பர்மின்ட்டுக்கு மெல்லிய சிவப்புக் கோடுகள் மட்டும்தான்.

ஜூன் 22

சிவப்புக்கால் ஒன்று வளர்ந்து பழைய சங்குக்குள் முழுதாக உள்ளே போக முடியாமல் கொடுக்கு வெளியே நிற்கிறது. காலியாகக் கிடப்பவற்றில் அதற்கு ஏற்ற வாய் உள்ள சங்கு இல்லை. அதைவிடப் பெரிய டர்போ சங்குகளைக் கொதிக்க வைத்து ஆற வைத்திருக்கிறேன், இரவு விளக்கு அணையும் முன் உள்ளே போட வேண்டும். நீலக்கால்களில் பாதியைப் பாசி அதிகமாக இருக்கும் நண்பரின் தொட்டிக்குக் கொடுத்து அனுப்புகிறேன், அவற்றுக்குரிய காலிச் சங்குகளோடு சேர்த்தே.