ராத்திரி ரெண்டு மணிக்குக் காணாமல் போகும் ஏழு விநாடி

ஒரே பிரச்சினைக்கு மூன்று தடவை திருப்பூர் போய்வந்த எரிச்சலில் எழுதுகிறேன். பனியன் குடோன், 16 கேமரா, ரெக்கார்டிங்குக்கு ஒரு லினக்ஸ் பெட்டி. கேமரா, கேபிள், மென்பொருள் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டது.

பத்து நாள் கழித்து ஓனர் கூப்பிட்டார். "தம்பி, ரெண்டு பத்துக்கு ஷட்டர் பக்கம் ஆள் நிக்கிறான், அடுத்த நொடி ஆளே இல்லை." போய்ப் பார்த்தால் கடிகாரம் ஏழு விநாடி தாவுகிறது.

கேமராவுக்கு 4 மெகாபிட் வீதம் மொத்தமே விநாடிக்கு 8 மெகாபைட்தான். விநாடிக்கு 150 மெகாபைட் எழுதும் டிஸ்க் இதற்கா திணறும்? டிஸ்க்தான் பழுது என்று முடிவுகட்டிப் புதிதாக வாங்கிப் போட்டேன். அன்று ராத்திரியும் அதே தாவல். சராசரி வேகத்தை நம்பியதுதான் என் முட்டாள்தனம். ரெக்கார்டிங்கில், டிஸ்க்கில் எழுதுவது எவ்வளவு தாமதமாகிறது என்பதுதான் கணக்கு.

இடைவெளிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். எல்லாமே இரண்டு மணிக்கு மேல். அந்த நேரத்துக்கு பேக்கப்பை ஓடவிட்டதே நான்தான்! டிஸ்க் வேலைக்கு முன்னுரிமை குறிக்கும் 'ஐயோநைஸ்' கட்டளையைப் போட்டு, வேறு வேலை இல்லாதபோது மட்டும் படி என்றுதான் வைத்திருந்தேன். ஆனால் டிஸ்க்குக்கு அமைந்திருந்த ஷெட்யூலர், அதாவது எந்த வேலை முதலில் என்று வரிசைப்படுத்தும் பகுதி, எம்க்யூ-டெட்லைன். அந்தப் பெட்டியில் இருந்த லினக்ஸின் மையமான பழைய கெர்னலில் அது ஐயோநைஸைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. பிழைச்செய்தியும் வராது. அதோடு, அது டிஸ்க்கிலிருந்து வாசிப்பதற்கு அரை விநாடி கெடு வைக்கும், எழுதுவதற்கு ஐந்து விநாடி. பேக்கப் வாசித்துக்கொண்டே இருக்க, கேமராக்களின் பதிவு எழுதப்படாமல் வரிசையில் காத்துக் கிடந்தது. ரெக்கார்டரின் பஃபர் (தற்காலிக நினைவகம்) நிரம்பியதும் வீடியோ ஃபிரேம்கள் தொலைந்தன.

ஐயோநைஸை மதிக்கும் பிஎஃப்க்யூ என்ற ஷெட்யூலருக்கு மாற்றியதும் தாவல் நின்றது. நிம்மதியாகப் பஸ் ஏறினேன். மூன்றாம் நாள் கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் தீர்ந்து, பெட்டி ரீபூட் ஆகியிருக்கிறது. ஷெட்யூலர் பழையபடி டெட்லைன். 'எக்கோ' கட்டளையில் மாற்றுவது ரீபூட் வரைதான் நிற்கும். பெட்டி ஏறும்போதெல்லாம் தானே அமலாகும் யூடெவ் விதியில் முதல் நாளே எழுதிவையுங்கள், மூன்றாவது பயணம் மிச்சம்.

அந்தப் பயணத்தில் இன்னொன்றும் செய்தேன். பதினாறு கோப்பும் ஒரே சமயத்தில் வளர்வதால் ஒன்றுக்குள் ஒன்று பின்னி, 1.8 ஜிபி கோப்பு நூற்றுக்கணக்கான துண்டாகக் கிடந்தது. துண்டுக்குத் துண்டு டிஸ்க்கின் படிக்கும் ஹெட் தாவ வேண்டும், தாவலுக்குப் பத்துப் பன்னிரண்டு மில்லிவிநாடி. டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் எக்ஸ்எஃப்எஸ் முறையில், ஃபோல்டருக்கு 64 மெகாபைட் எக்ஸ்டென்ட் (ஒரே தொடர்ச்சியான துண்டு) அளவு குறித்தேன். இப்போது புதுக் கோப்புக்கு முப்பது துண்டுக்குள். ஏற்கெனவே எழுதிய கோப்புகளுக்கு இது உதவாது. வேடிக்கை என்னவென்றால், சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனியின் ஐரிக்ஸ் இயங்குதளத்தில் இதே எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு, இத்தனை வேகம் நிச்சயம் என்று முன்பதிவு செய்யும் வசதியே இருந்தது. லினக்ஸில் அது இல்லை. நமக்கு இந்தக் கைவைத்தியம்தான்.

நேற்றுக் காலை, ராத்திரி இரண்டிலிருந்து மூன்று வரையான ரெக்கார்டிங்கைப் பதினாறு கேமராவுக்கும் ஓட்டிப் பார்த்தேன், ஒரு விநாடி குறையவில்லை. வீணாக வாங்கிய டிஸ்க்கைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டாராம். கவர் பிரித்துவிட்டேனாம்.