டர்பனில் வீடு வாங்கினோம்: எவ்வளவு சொல்வது என்று முடிவெடுத்த கதை

விளம்பரத்தில் போட்டிருந்த விலை 14.5 லட்சம் ராண்ட். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் சில்வர்கிளென் பக்கம், மூன்று படுக்கையறை, பின்பக்கம் வாடகைக்கு விடுவதற்கென்று கட்டிய ஒரு அவுட்பில்டிங். நிரந்தர வசிப்புரிமை கைக்கு வந்த பிறகுதான் வாங்குவது என்று வருடக்கணக்கில் வாடகை வீட்டில் ஓட்டியிருந்தோம். இந்த வீடு இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. எவ்வளவுக்குக் கேட்பது என்பதில்தான் வீட்டுக்குள்ளேயே சண்டை.

ஊரில் என்றால் திண்ணையில் உட்கார்ந்து வாய்ப்பேச்சாகவே விலை பேசுவோம். ஒத்துவந்தால் அட்வான்ஸ், அப்புறம் அக்ரிமென்ட். தென்னாப்பிரிக்காவில் பேரமே தாளில்தான் நடக்கிறது. 'ஆஃபர் டு பர்ச்சேஸ்' என்ற படிவத்தில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். விற்பவரும் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தத் தாளே கிரய ஒப்பந்தம். வீடு, மனை விற்பனை எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்பது 1981-ஆம் ஆண்டுச் சட்டம். மனம் மாறி ஐந்து வேலை நாளுக்குள் விலகிக்கொள்ளும் உரிமை 2.5 லட்சம் ராண்ட் வரைக்குமான விற்பனைக்குத்தான் உண்டு. அந்த விலைக்கு டர்பனில் குடும்பத்தோடு இருக்கிற மாதிரி வீடு எங்கே கிடைக்கப்போகிறது? ஆகவே ஏஜென்ட் பேனாவை நீட்டுவதற்கு முன்பே கணக்கை முடித்துவிட வேண்டும் என்பதில் மட்டும் நானும் மனைவியும் ஒத்துப்போனோம்.

ஏஜென்ட் அவசரப்படுத்தினார். இன்னொரு குடும்பம் பார்க்க வருகிறது, இந்த வாரமே போட்டுவிடுங்கள் என்றார். அப்போது 2025 ஆடி மாதம். மன்னார்குடியிலிருந்து அம்மா போனில், "ஆடியில கையெழுத்து கிய்யெழுத்துன்னு எதுவும் வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டார். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் காரணமாகச் சொல்ல வசதியாக இருந்தது. இந்த ஊர்த் தமிழர்கள் நான்கைந்து தலைமுறையில் மொழியைப் பெரும்பாலும் விட்டிருந்தாலும் ஆடிக் கூழை விடவில்லை. ஏஜென்டும் தமிழ் வம்சாவளிதான். "ஓ, ஆடியா, சரி சரி" என்று அடங்கிவிட்டார். வேறு எந்தச் சாக்குக்கும் அவர் மசிந்திருக்க மாட்டார்.

எங்கள் வீட்டுக்கார ஆன்ட்டிதான் முதல் வழியைக் காட்டினார். "அவர் கேட்கிற விலையை விடு. அந்தத் தெருவில் கடைசியாக யார் என்ன விலைக்கு வாங்கினார்கள், அதைப் பார்" என்றார். குவாசுலு-நட்டாலின் வீட்டுப் பத்திரங்கள் எல்லாம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவாகின்றன. பதிவான விலை ஒளிவு மறைவு இல்லாதது. சிறு கட்டணம் கட்டினால் யாரும் இணையத்திலேயே பார்க்கலாம். வீட்டுக் கடனை இங்கே பாண்ட் என்பார்கள். எங்களுக்காக வங்கிகளிடம் பேசிய பாண்ட் ஆரிஜினேட்டரும் அந்த வட்டார விற்பனைகளின் பட்டியல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

பட்டியலை அப்படியே நம்பிவிடக் கூடாது. அப்பா மகனுக்கு மாற்றிக் கொடுத்தது, வாரிசுகளுக்குள் பிரித்துக்கொண்டது, வங்கி ஏலத்தில் போனது எல்லாம் அதில் கலந்து கிடக்கும். அவற்றை அடித்துவிட்டோம். பதிவுத் தேதி என்பது விலை பேசிய தேதிக்கு இரண்டு மூன்று மாதம் பிந்தியது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கடைசியில் எங்கள் வீட்டோடு ஒப்பிடத் தகுந்தவையாக மூன்று மிஞ்சின: கராஜ் இல்லாத ஒன்று 12.6 லட்சம், சமையலறையைப் புதிதாக்கிய ஒன்று 13.4, ஏறக்குறைய இதே மாதிரி ஒன்று 13.1. எந்தக் குறையும் இல்லை என்று வைத்துக்கொண்டால் இந்த வீடு 13.2 பெறும் என்று முடிவு செய்தோம். விளம்பர விலையிலிருந்து எத்தனை சதவீதம் குறைப்பது என்று நண்பர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். அந்த விலையே விற்பவரின் ஆசைதானே, அதிலிருந்து பத்து சதவீதம் கழித்தால் மட்டும் அது எப்படி நியாயமான விலை ஆகும்? மாநகராட்சி மதிப்பையும் ஒதுக்கிவிட்டோம். அது வரி போடுவதற்காகச் சில வருடங்களுக்கு ஒருமுறை மொத்தமாகப் போடும் மதிப்பு.

ஆனால் வீட்டில் குறை இருந்தது. சாட்ஸ்வொர்த் முழுக்க மேடும் பள்ளமும்தான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனில் எத்தனை சரிவுகள் வீடுகளோடு சேர்ந்து இறங்கின என்பதைப் பார்த்தவர்களுக்கு, பின்பக்கத் தடுப்புச் சுவரைப் பார்க்காமல் வீடு வாங்க மனம் வராது. இந்தச் சுவரில் குறுக்கே ஒரு விரிசல் ஓடியது. விற்பவர் கையெழுத்திட்டுத் தர வேண்டிய குறை அறிவிப்புப் படிவம் 2022 பிப்ரவரி முதல் கட்டாயம். அதில் விரிசலை ஒரே வரியில் எழுதியிருந்தார். எழுதினாரே என்று எனக்கு அவர் மேல் மரியாதைதான். விற்பனைத் தாள்களில், வீட்டை இருக்கிற நிலையிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்ற 'ஃபுட்ஸ்டூட்ஸ்' பிரிவு வழக்கமாக இருக்கும். தெரிந்த குறைக்கு அப்புறம் போய்ச் சண்டை போட முடியாது, இப்போதே விலையில் கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

காசு கொடுத்து ஒரு எஞ்சினியரை அழைத்துப் போனோம். சுவரின் ஒரு பகுதியை இடித்துக் கட்டி, பின்னால் தண்ணீர் வடிய வழி செய்ய 85,000 ராண்ட் ஆகும் என்றார். அவுட்பில்டிங்குக்கு அனுமதி வரைபடம் இல்லை என்பதும் தெரிந்தது. மாதம் இவ்வளவு வாடகை வரும் என்று ஏஜென்ட் மூச்சுக்கு மூச்சு சொன்ன கட்டடம் அது. வரைந்து ஒப்புதல் வாங்க இன்னொரு 25,000. 13.2-இல் இந்த இரண்டையும் கழித்தால் 12.1.

அது வீட்டின் மதிப்பு. எங்கள் சக்தி வேறு கணக்கு. ஜூலை 31 அன்று இந்நாட்டு ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்ததில், வங்கிகள் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் பிரைம் வட்டி 10.5 சதவீதம் ஆனது. அந்த வட்டியில் இருபது வருடக் கடன் என்றால், விலையில் கூடும் ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதத் தவணை கிட்டத்தட்ட ஆயிரம் ராண்ட் கூடும். இந்த ஒரு வரியை மனைவி ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டினாள். வீட்டைப் பார்த்து மயங்கும்போதெல்லாம் அது வேலை செய்தது. மாதம் 11,500 வரை தாங்கும், அதாவது 11.5 லட்சம் கடன். கையில் சேமிப்பு 2.9 லட்சம். அதில் வக்கீல் கட்டணங்கள் எழுபதாயிரத்தை ஒட்டிப் போகும். பத்திரத்தை மாற்றும் வக்கீலை விற்பவர் நியமிப்பார், கட்டணம் வாங்குபவர் தலையில். கடனைப் பதிவு செய்யும் வக்கீலுக்கும் நாம்தான். சுவருக்கு 85,000 ரொக்கமாக ஒதுக்கினோம். மீதி 1.35. ஆக உச்சவரம்பு 12.85. வரைபடச் செலவைச் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம்.

வீடு வாங்குபவர் அரசுக்குக் கட்டும் வரியான டிரான்ஸ்ஃபர் டியூட்டி பற்றி ஒரு பயம் சுற்றுகிறது. 2025 ஏப்ரல் முதல் 12,10,000 ராண்ட் வரை அந்த வரி இல்லை. அதைத் தாண்டிவிடாதே, மாட்டிக்கொள்வாய் என்று பலர் எச்சரித்தார்கள். வரி முழு விலைக்கும் இல்லை, அந்த எல்லைக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும்தான். முதல் படியில் 3 சதவீதம். 14.5 கொடுத்து வாங்கினாலே 7,200 ராண்ட்தான் வரும். இதற்காக நல்ல வீட்டை விடுவது அர்த்தமில்லாதது.

ஆவணி பிறந்ததும் 12.1 என்று எழுதினோம். பார்த்ததும் ஏஜென்ட் சிரித்தார். "டியூட்டிக்குப் பயந்தா?" என்றார். இல்லை என்று எஞ்சினியர் அறிக்கையையும் மூன்று வீடுகளின் பதிவு விலையையும் கூடவே வைத்தோம். அறிக்கை இல்லாமல் அதே தொகையைச் சொல்லியிருந்தால் அடிமாட்டு விலை என்று தூக்கிப் போட்டிருப்பார்கள்.

விற்பவர் தொகையை அடித்து 13.7 என்று எழுதி, ஓரத்தில் இனிஷியல் போட்டு அனுப்பினார். அப்படி எழுதினால் எங்கள் பழைய ஆஃபர் அதோடு முடிந்தது. இது அவருடைய புது ஆஃபர். அடுத்து நாங்கள் 12.6. இதற்கிடையே இன்னொரு குடும்பம் 13.2 தரத் தயார் என்ற சேதி ஏஜென்ட் வாயிலிருந்து வந்தது. வயிறு கலங்கியது. ஆனால் அவர்கள் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் உள்ள தங்கள் வீட்டை விற்றால்தான் வாங்க முடியும், ஆஃபரில் அந்த நிபந்தனை இருக்கிறது என்பதும் பேச்சோடு பேச்சாக வந்துவிட்டது. எங்களிடம் விற்க வீடு இல்லை. வங்கியின் முன் ஒப்புதல் கடிதம் இருந்தது. தாளில் இருந்த ஒரே பெரிய நிபந்தனை, 11.4 லட்சம் கடன் குறித்த தேதிக்குள் கிடைக்க வேண்டும் என்பதுதான். வராமலே போகக்கூடிய 13.2-ஐ விட வரப்போகிற 12.6 மேல் என்று விற்பவருக்குத் தோன்ற வேண்டும். ஏஜென்டும் அதைத்தான் விரும்பினார். ஐம்பதாயிரம் விலை குறைந்தால் ஆறு சதவீதக் கமிஷனில் அவருக்கு 3,000 போகும், விற்பனை முறிந்தால் எல்லாமே போகும்.

விற்பவர் தனியாக இருக்கும் பெரியவர். டிசம்பர் பள்ளி விடுமுறையில் மகள் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. பதிவு அதற்கு முன்பே முடிந்துவிடும் என்பதால், நடுவில் எங்கே தங்குவது என்பதுதான் அவர் கவலை என்று ஏஜென்டிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். விலையைக் கொஞ்சம் ஏற்றி 12.75, பதிவுக்குப் பிறகும் டிசம்பர் நடுவரை வாடகை இல்லாமல் அவர் இருக்கலாம் என்று ஒரு பிரிவு சேர்த்தோம். எங்களுக்கு அதில் நஷ்டம் ஒரு மாத வாடகை அளவுகூட இல்லை. "அந்த அங்கிள் படித்துப் பார்த்து உடனே கையெழுத்துப் போட்டார்" என்றார் ஏஜென்ட்.

வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து போனார், கேட்ட 11.4 முழுதாகக் கிடைத்தது. மின் வயரிங் சரியாக இருக்கிறது என்ற சான்றிதழும், கடலோர ஊர் என்பதால் மரத்தில் வண்டு அரிப்பு இல்லை என்ற சான்றிதழும் விற்பவர் செலவில் வந்தன. டியூட்டி 1,950 ராண்ட் கட்டினோம். 85,000 என்ற சுவர் வேலை 92,000-இல் முடிந்தது. அவுட்பில்டிங் வரைபடம் இன்னும் மாநகராட்சி மேசையில் கிடக்கிறது. ஒப்புதல் வரும்வரை அதை வாடகைக்கு விடுவதாக இல்லை.