மது சோதனைச் சீட்டில் 38: ஒரு கேலிபரேஷன் சான்றிதழுக்காக மூன்று நடை

மூன்றாவது நடையில்தான், போலீசார் மூச்சில் மது அளக்கும் கருவியின் கேலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) சான்றிதழ் கைக்கு வந்தது. அதுவும் வேறு கருவியினுடையது. ஊதியதும் கருவி அச்சிட்ட சீட்டில் இருந்த வரிசை எண் 7இல் முடிந்தது, சான்றிதழில் 1. காட்டிக் கேட்டதற்கு, "எல்லாம் ஒரே கம்பெனி மிஷின்தானே சார்" என்றார் கொடுத்தவர். இரண்டு மாத அலைச்சலுக்குப் பிறகு வந்த அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது. வழக்கு திரும்பியதும் அந்த ஓர் இலக்கத்தில்தான்.

மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவு, குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக வழக்கு. கட்சிக்காரர் பைக்கில் வந்தவர், ஊதியதில் 38. சட்டத்தின் எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். வண்டி ஒரே வாய்தாவில் வெளியே வந்துவிட்டது. அபராதத்தைக் கட்டிவிட்டுப் போங்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஒப்புக்கொண்டு கட்டினால் அது தண்டனைக் கணக்கில் ஏறிவிடும். முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த தடவை அது 15,000, 2 ஆண்டு என்று ஆகிவிடும். கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைச் சொல்ல அங்கே ஆளில்லை.

38 என்பது ஓரத்து அளவு என்பதால்தான் எதிர்த்தோம். 180 காட்டியிருந்தால் இந்த வாதம் எடுபடாது. கருவி ரத்தத்தை அளப்பதில்லை. மூச்சில் உள்ளதை அளந்து, பொதுவாக 2,100 மடங்கு என்று வைத்து ரத்த அளவைக் கணக்கிடுகிறது. இருமல் மருந்தோ மவுத்வாஷோ வாயில் தங்கியிருந்தால் அதையும் சேர்த்துக் காட்டிவிடும். அதனால்தான் 15 நிமிடம் காத்திருந்து ஊத வைக்க வேண்டும் என்பது. இங்கே நிறுத்தியவுடன் ஊத வைத்தார்கள், ஒரே தடவை. ஊதுவதற்கு முன் வெறும் காற்றை எடுத்துப் பூஜ்ஜியம் காட்டிய பதிவும் சீட்டில் இல்லை. அந்தப் பூஜ்ஜியம் இல்லாத சோதனையை ஏற்க முடியாதென்று 2025இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் கோர்ட்டை அது கட்டுப்படுத்தாது, ஆனாலும் எடுத்துக்காட்டலாம்.

சீட்டு வந்த அன்றே போட்டோ எடுத்து ஜெராக்ஸ் போட்டுவிடுங்கள். அது பஸ் டிக்கெட் மாதிரி தெர்மல் தாள், சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும். பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேட் செய்தால் சூட்டில் மொத்தமும் கறுத்துப்போகும். எங்கள் ஒரிஜினலில் 38 என்பதே தேய்ந்திருந்தது.

சான்றிதழுக்கு ஸ்டேஷனில் வாய்மொழியாகக் கேட்டு அலைந்தது எங்கள் தவறு. முதல் நாளே தகவல் உரிமை மனு போட்டு, கூடவே கோர்ட்டில் பி.என்.எஸ்.எஸ். எனும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94ஆம் பிரிவில் (பழைய சட்டத்தில் 91) ஆவணம் தாக்கல் செய்யச் சொல்லி மனு கொடுத்திருக்க வேண்டும். கருவியின் வரிசை எண், கடைசியாக கேலிபரேட் செய்த தேதி, பதிவேட்டின் அந்தப் பக்கம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும்.

ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கட்சிக்காரர் அன்றிரவே கேட்டிருக்கிறார். டாக்டர் பார்த்தார், ரத்தம் எடுக்கவில்லை. ரத்தம் எடுக்க வைப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 204ஆம் பிரிவு போலீசாருக்குக் கொடுத்த அதிகாரம்தான், நம் உரிமையாக எழுதப்படவில்லை. ஆனாலும் கேட்டதை எழுத்தில் கொடுத்தால் பின்னால் உதவும். கைதாகி இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்காவிட்டால் காவலிலிருந்து விட வேண்டும் என்பது 202. ஊத மட்டும் மறுக்காதீர்கள்: தக்க காரணம் இல்லாவிட்டால் 205 அதையே உங்களுக்கு எதிராகத் திருப்பும்.

கட்சிக்காரர் பதறிப்போய்த் தனியார் லேபில் எடுத்த ரிப்போர்ட்டும் வீண். மூன்று மணி நேரம் கழித்து எடுத்தது, யாருடைய ரத்தம் என்பதற்கு அடையாளச் சான்று இல்லை, அளவு பார்த்தது முழு ரத்தத்தில் அல்ல, சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்). சீரத்தில் முழு ரத்தத்தைவிட அளவு கூடுதலாகவே வரும். அரசுத் தரப்பு ரத்தம் எடுத்திருந்தால் சோடியம் ஃபுளோரைடு போட்ட குப்பியா, தோலை ஸ்பிரிட்டால் துடைத்தார்களா, சீல் வைத்தது எப்போது, லேபுக்குப் போனது எப்போது என்று வரிசையாகக் கேளுங்கள். ஃபுளோரைடு இல்லாமல் சூட்டில் கிடந்தால் கிருமி நொதித்துக் குப்பிக்குள்ளேயே ஆல்கஹால் உண்டாகலாம்.

போதைமருந்து வழக்கில் எண் எல்லையே கிடையாது. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலை என்று நிரூபிக்க வேண்டும். சிறுநீரில் எச்சம் இருப்பது மட்டும் அதைக் காட்டாது, பல நாள் கழித்தும் வரும்.

குறுக்கு விசாரணையில் கேலிபரேஷன் தேதியைக் கேட்டதும் சாட்சி கோப்பைப் புரட்டிக்கொண்டே நின்றார். 7இல் முடியும் கருவிக்குக் கடைசிவரை சான்றிதழ் வரவில்லை. பிறகு அரசுத் தரப்பில் டாக்டரின் 'வாசனை வருகிறது' குறிப்பைப் பிடித்துக்கொண்டார்கள். டாக்டரின் அதே குறிப்பில் 'நடை சீராக உள்ளது' என்றும் இருந்தது. வாசனை, தள்ளாட்டம் மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1971இலேயே சொன்னதைக் கொடுத்தோம். சந்தேகத்தின் பலனில் விடுதலை.

விபத்து சேர்ந்த வழக்கென்றால் இன்ஷூரன்ஸ் தனிச் சண்டை. சோதனையே நடக்காவிட்டாலும் வேறு சூழ்நிலைகளை வைத்துக் கம்பெனி போதையை நிரூபிக்கலாம் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தீர்ப்பன்றே நகல் மனு போடுங்கள். சான்றிட்ட நகல் இல்லாமல் லைசென்ஸ் திரும்பாது. நாங்கள் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு போய் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு இன்னொரு நடை நடந்தோம்.