“பரவாயில்லை” என்று சொன்னதன் விலை

வர்ஜீனியாவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ராணுவ ஒப்பந்த நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு கிளியரன்ஸில், அதாவது அரசின் ரகசியத் தகவல்களைப் பார்க்கும் அனுமதியில், சிக்கல் வந்தால் எங்களிடம் வருவார்கள். கடன் பாக்கி, வரிப் பாக்கி, வெளிநாட்டில் சொந்தபந்தம், பெரும்பாலும் இவைதான் பிரச்சினை.

முதலில், கிளியரன்ஸ் ஏன் தர முடியாது என்று காரணங்களை அடுக்கி அரசிடமிருந்து ஓர் அறிக்கை வரும். கையில் கிடைத்த 20 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன் என்று தனித்தனியாக எழுத வேண்டும். மொத்தமாக ‘எல்லாம் பொய்’ என்றால் செல்லாது. நேரில் விசாரணை வேண்டுமா என்பதையும் அதிலேயே சொல்லிவிட வேண்டும்.

இதெல்லாம் சும்மா கிடைத்ததில்லை. 1953-ல் வில்லியம் கிரீன் என்ற விமானப் பொறியாளருக்கு கிளியரன்ஸ் போய், வேலையும் போனது. அவருக்கு எதிராக யார் என்ன சொன்னார்கள் என்று காட்டவே இல்லை. 1959-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மறுவருடம் பிப்ரவரியில் அதிபர் ஐசனோவர் ஆணை போட்டார்: எழுத்தில் காரணம், தயாராக அவகாசம், வக்கீல், குறுக்கு விசாரணை. தேசப் பாதுகாப்பு இடம் தரும் அளவுக்கு என்ற வாலும் அதில் உண்டு.

விசாரணைத் தேதியைக் குறைந்தது 15 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். நம்மூர்ப் பொறியாளர் ஒருவர் வக்கீல் வைக்காமலே போயிருந்தார். தேதிக்குத் தொலைபேசியில் சரி சொல்லிவிட்டார்; எழுத்தில் நோட்டீஸ் வந்தது ஒரு வாரத்துக்கு முன்னால்தான். கூடுதல் அவகாசம் வேண்டுமா என்று நீதிபதி கேட்கிறார். “பரவாயில்லை, இன்றைக்கே நடத்தலாம்” என்கிறார் இவர். விசாரணைப் பதிவில் அந்த வரியை வாசித்ததும் எனக்குப் பகீரென்றது. மரியாதைக்குச் சொன்ன வார்த்தை, உரிமையை விட்டுக்கொடுத்ததாகப் பதிவாகிவிட்டது. கிரெடிட் கார்டு பாக்கியை அடைத்ததற்கான வங்கிக் கடிதம் அன்று அவர் கையில் இல்லை. விசாரணை முடிந்த பிறகும் ஆவணம் தர சில நாள் கேட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை.

தீர்ப்பு எதிராக வந்த பிறகு கடிதத்தோடு எங்களிடம் வந்தார். “அப்பீல்ல இதைக் காட்டினா போதும் இல்லையா மேடம்?”

போதாது. 15 நாளுக்குள் அப்பீல் போடலாம்தான். ஆனால் மேல்முறையீட்டுக் குழு புதிய ஆதாரத்தைத் தொடாது. நீதிபதி முன் வந்ததை மட்டுமே பார்க்கும். நோட்டீஸ் தாமதம் என்ற வாதத்தை அவரே மூடிவிட்டார். கிளியரன்ஸ் இல்லை என்பது உறுதியானால், முதல் தீர்ப்புத் தேதியிலிருந்து ஒரு வருடம் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்க முடியும். அதற்கும் ஏதாவது ஒரு நிறுவனம் அவருக்காக முன்வர வேண்டும்.